கரண்ட் மாறுமுன் எழுந்துவிடு

மொன்ட்ரியாலிலிருந்து முதலாளியின் மகள் நய்லா கூப்பிட்டபோது லபீபா அடுப்படியில் பருப்புக் களைந்துகொண்டிருந்தாள். தவக்கால நோன்பின் முதல் வாரம். இறைச்சி கிடையாது, வெண்ணெய் கிடையாது, தினம் ஒரு பருப்பு.

"அக்கா, அப்பா பக்கத்துல இல்லையே?"

"ஹால்ல இருக்காரு. சொல்லு."

"அவரு போன்ல சூதாடறாரா?"

லபீபா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "சீட்டாடறாரு. காசு வெச்சுத்தான் ஆடறாரு. ஏன், உனக்கு யாரு சொன்னா?"

"அவருக்கு நான் குடுத்த கார்டுல ரெண்டு டாலர் எடுத்ததா எனக்கு மெசேஜ் வந்துச்சு."

"ரெண்டு டாலருக்கா கனடாவுலேருந்து கூப்பிடற?"

"இன்னிக்கு ரெண்டு டாலர். அது பக்கவாதம் வந்த மூளை அக்கா. டாக்டர் என்ன சொன்னாரு? யோசிக்காம செலவு பண்றாரா, திடீர்னு முடிவெடுக்கறாரான்னு பாத்துக்கிட்டே இருங்கன்னு சொன்னாரா இல்லையா?"

சொன்னார்தான். லபீபா மறுக்கவில்லை.

"ஈஸ்டருக்கு நான் வரேன். மலையில கன்னியாஸ்திரீங்க நடத்தற இல்லத்துல ஒரு ரூம் காலியா இருக்காம். அப்பா தலை சரியா இருந்தா அவரு வீட்டுலயே இருக்கட்டும். இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டு அங்க சேத்துடறேன். சரியா இருக்கா இல்லையான்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

"நான் டாக்டர் இல்ல பொண்ணே."

"டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரம் பாக்கறாரு. நீங்க நாள் முழுக்கப் பாக்கறீங்க."

போனை வைத்தபின் லபீபா பருப்பை இன்னொரு முறை களைந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்கு லபீபா வந்தது போர்க்காலத்தில். தேவாலயத்தின் நிலவறையில் நடந்த முதலுதவிப் பயிற்சியில் கட்டுப்போடவும், படுத்தவரைப் புரட்டவும், முதுகுப் புண் வராமல் பார்த்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டாள். கணவர் ஷேர் டாக்சி ஓட்டியவர், ஒருநாள் சிக்னலில் நின்ற வண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு பெய்ரூத்தின் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கிறாள், ஊட்டியிருக்கிறாள், சிலருக்குக் கண்ணையும் மூடிவிட்டிருக்கிறாள். எந்த வீட்டிலும் ஒரு பழக்கத்தை அவள் விட்டதில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படிக்காமல் யாருக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கமாட்டாள்.

இப்போது இந்தச் சீட்டாட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும் என்கிறாள் நய்லா. ஆட்டத்தின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. புத்தாண்டு இரவில் ஊரே சீட்டு ஆடும்போதுகூட லபீபா பாத்திரம் கழுவப் போய்விடுகிற ஆள்.

ஹாலில் இஸ்கந்தர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். ஊரின் தோராப் பகுதியில் கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். பக்கவாதத்தில் இடது கை போய்விட்டது, இடது காலில் பாதி பலம்தான் மிச்சம். கடையை விற்றாயிற்று. மனைவி ஒதெத் அதற்கு முன்பே இறந்துவிட்டார். வீடு நான்காவது மாடியில், லிஃப்ட் ஜெனரேட்டர் ஓடினால்தான் ஓடும். போனை மடியில் ஒரு தலையணைமேல் நிறுத்தி, வலது கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

லபீபா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"முதலாளி, இதை எனக்குச் சொல்லிக் குடுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எதை?"

"நீங்க தட்டறதை."

"நய்லா கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா. ஈஸ்டருக்கு வந்து உங்களை மலைக்குக் கொண்டுபோறதா வேண்டாமான்னு முடிவு பண்ணப்போறா. உங்களுக்குப் புத்தி இருக்கா இல்லையான்னு நான் சொல்லணுமாம். தெரியாத விஷயத்துல நான் வாயைத் திறக்கமாட்டேன்."

மறைத்துப் பேசுவது லபீபாவுக்குப் பழக்கமில்லை. இஸ்கந்தர் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்வீட்டுப் பால்கனியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"சரி. ஆனா ஒண்ணு. சும்மா வேடிக்கை பாத்தா வராது. நீயும் காசு போடணும். உன் காசு போனாத்தான் உனக்குப் புத்தி வரும்."

"எவ்வளவு?"

"ரொட்டிக்கடையில ஒரு நாள் குடுக்கறது. அதுக்கு மேல ஒரு காசு போடக்கூடாது. அது போனா போச்சுன்னு வெச்சுக்க. போகக்கூடாத காசை எடுத்துட்டு வர்றவனுக்குக் கை நடுங்கும். நடுங்கற கையில நல்ல சீட்டு வந்தும் பிரயோசனமில்ல."

ஆட்டத்தைக் கற்பது கடினமாக இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவருக்குத் தெரியாமல். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு முறை சீட்டு திறக்கும்போதும் பணத்தை ஏற்றலாம், ஏற்றியவனுக்கு ஈடு கொடுக்கலாம், அல்லது கவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். கையிலுள்ளதையும் நடுவிலுள்ளதையும் சேர்த்து யாருடைய ஐந்து சீட்டு பெரிதோ அவருக்குப் பணம். அவர்கள் ஆடிய மேஜையில் பந்தயம் ஒரு சென்ட், இரண்டு சென்டில் தொடங்கும். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள். முகம் கிடையாது, பெயருக்குப் பதில் ஏதாவது பொம்மை.

முதல் நாள் லபீபா கைக்கு வந்த சீட்டையெல்லாம் ஆடினாள். தோசைக்கல்லில் காலை வைத்ததுபோல ஒவ்வொரு முறையும் துள்ளினாள்.

"கவுத்துடு."

"ராஜா இருக்கே முதலாளி!"

"ராஜாவும் மூணும். அந்த ராஜாவுக்குப் பக்கத்துல ஒரு ஆள் கெடையாது. கவுத்துடு."

அவள் கவிழ்த்தாள். அடுத்த மூன்று சீட்டில் இரண்டு ராஜா வந்தது.

"பாத்தீங்களா! கெடுத்துட்டீங்களே, வந்திருக்கும்!"

"அந்த வார்த்தையைச் சொல்லாத."

"எந்த வார்த்தை?"

"'வரும்', 'வந்திருக்கும்'. என் கடைக்கு வருவாங்க. பிரேக் ஷூ தேஞ்சு இரும்பு தெரியும். 'இன்னும் ஒரு மாசம் வரும்'பாங்க. வராது. இந்த மேஜையில 'வரும்'னு சொல்றவனுங்க காசுதான் மத்தவங்க வீட்டுக்குப் போகுது. கவுத்த சீட்டைத் திரும்பிப் பாக்காத. அது உன் சீட்டு இல்ல இப்போ."

ரொட்டிக் காசு அன்றே போயிற்று. மறுநாள் மறுபடி ஆடக் கேட்டதற்கு அவர் விடவில்லை. "ஒரு நாள் விட்டு வா. தோத்த சூட்டோட உக்காரக்கூடாது."

மூன்றாம் நாள் அவள் ஒருவனை மிரட்டிப் பார்த்தாள். கையில் ஒன்றுமில்லாமல், பெரிய சீட்டு இருப்பதுபோலப் பணத்தை ஏற்றினாள். மீசை வைத்த பூனைப் பொம்மைக்காரன் ஒருவன், கையில் வெறும் ஒரு நாலு ஜோடியை வைத்துக்கொண்டு கடைசிவரை ஈடு கொடுத்தான். ஜெயித்தும்விட்டான்.

"இவனுக்குப் பயமே இல்லையா?"

"ஒரு சென்ட்டுக்கு யாரு பயப்படுவா? பயப்படாதவனை மிரட்டினா நீதான் முட்டாள். பெரிய மேஜையில வேணா மிரட்டு. இங்க நல்ல சீட்டு வந்தா ஏத்து, வரலன்னா கவுத்துட்டுப் பருப்பைக் கிண்டு. வேற வித்தை ஒண்ணும் இல்ல."

அவர் எதிராளிகளுக்குத் தன் கடை வாசனையில் பெயர் வைத்திருந்தார். பூனைக்காரன் 'பிரேக் இல்லாத லாரி'. எப்போதும் ஈடு கொடுத்துக்கொண்டே இருந்து, கடைசியில் கவிழ்த்துவிடும் ஒருத்தி 'தேஞ்ச கிளட்ச்'. நாள் முழுக்கக் கவிழ்த்துவிட்டு ஒரே ஒரு தடவை ஏற்றுகிறவன் 'மெக்கானிக்'. "அவன் ஏத்தினான்னா நீ எழுந்து ஓடிடு."

"உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"நானா? பார்க் பண்ணின வண்டி."

அதுதான் உண்மை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க லபீபாவுக்குப் புரிந்தது. இஸ்கந்தர் ஆடுவதே இல்லை. கவிழ்ப்பார், கவிழ்ப்பார், கவிழ்ப்பார். யார் எப்படி ஏற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் பேசி முடித்த பிறகு தன் முறை வரும் இடத்தில்தான் கொஞ்சம் தைரியம் காட்டுவார். "முதல்ல பேசறவன் இருட்டுல நடக்கறான், கடைசியில பேசறவன் கையில டார்ச் இருக்கு" என்பார். வாரக் கடைசியில் ஒரு காப்பிக் காசு ஏறியிருக்கும், அல்லது இறங்கியிருக்கும்.

ஆனால் லபீபாவுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அந்தி ஆறு மணிக்குத் தெருவின் ஜெனரேட்டர்க்காரர் அபு ரய்மோன் இயந்திரத்தை ஆறப்போடுவார். அரசாங்கக் கரண்ட் வந்தால் வரும், வராவிட்டால் இருட்டு. எப்படியும் வைஃபை பெட்டி அணைந்து திரும்ப உயிர்பெற நேரமாகும். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வீட்டுக்குள் போன் சிக்னலும் எட்டாது. அந்த நேரம் பாதி ஆட்டத்தில் மாட்டிக்கொண்டால், எவ்வளவு நல்ல சீட்டானாலும் ஆட்டம் அதைத் தானாகக் கவிழ்த்துவிடும், நடுவில் போட்ட காசு எதிராளிக்கு. இந்த ஊரில் ஆட வந்த புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அப்படி அழுதிருப்பார்கள். லபீபாவும் ஒருமுறை கையில் ராணி ஜோடியோடு, கறுத்துப்போன திரையைப் பார்த்து, அபு ரய்மோனின் குலத்தையே திட்டினாள்.

இஸ்கந்தர் மாட்டிக்கொண்டதே இல்லை. சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை. 'எழுந்துகொள்' பொத்தானில் ஒரு தட்டு. போனைக் கவிழ்த்து வைப்பார். அவர் வைத்ததும் விளக்கு போகும்.

"எப்படி முதலாளி, மூக்குல வேர்க்குதா?"

"கரண்ட் மாறறதுக்குள்ள எழுந்துடணும். அவ்வளவுதான். சீட்டு நல்லா இருக்கேன்னு உக்காந்திருக்கறவனுக்குக் கடிகாரம் தெரியாது."

நோன்பு பாதி கழிவதற்குள் லபீபா மனத்தில் பதில் தயாராகிவிட்டது. நய்லா வந்தால் சொல்லலாம்: இந்த மனுஷனுக்கு என்னைவிடப் புத்தி அதிகம்.

இன்னொன்றும் நடந்திருந்தது. லபீபாவுக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. ரொட்டிக் காசு இரண்டு ரொட்டிக் காசாக வளர்ந்தது. காலையில் அவருக்குத் தண்ணீர் டம்ளரையும் மாத்திரையையும் வைத்துவிட்டு, அடுப்படியில் தன் போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துக்கொள்வாள். ஹாலிலிருந்து அவரும் அடுப்படியிலிருந்து இவளும் வேறு வேறு மேஜையில். திரும்பி வந்து பார்த்தால் டம்ளர் காலியாக இருக்கும். "நல்ல பிள்ளை" என்று எடுத்துக்கொண்டு போவாள்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு காலையில் ஹாலைக் கடந்தவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். ஏழும் இரண்டும். ஒரே நிறம்கூட இல்லை. ஆட்டத்திலேயே கேவலமான கை. அதுவும் முதலில் பேசும் இடம். இஸ்கந்தர் ஏற்றினார்.

"முதலாளி! ஏழும் ரெண்டுமா?"

"ம்."

"கவுங்க!"

"வரும்."

லபீபாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. வரவில்லை. அடுத்த கையும் ஏற்றினார், அதற்கடுத்ததும். பிரேக் இல்லாத லாரி அவரை மூன்று முறை நசுக்கிவிட்டுப் போனான்.

"என்னாச்சு உங்களுக்கு? எனக்கு மட்டும்தான் உபதேசமா?"

"தொணதொணன்னு பேசாத. போய் வேலையைப் பாரு."

அப்படி அவர் பேசியதில்லை. லபீபா கோபமாக அடுப்படிக்குப் போனாள். அவளுக்கு அவருடைய ஆட்டம் வலித்தது. நல்ல தச்சர் ஒருவர் கோணலாக ஆணி அடிப்பதைப் பார்ப்பதுபோல. மதியம் அவர் கணக்கில் இருந்தது முழுவதும் போய், கார்டிலிருந்து திரும்பப் போட்டார். அதுவும் போயிற்று. இன்னொரு முறை போட்டார். தோத்த சூட்டோடு உட்காரக்கூடாது என்று சொன்ன மனுஷன்.

"நய்லாவுக்கு மெசேஜ் போகும் முதலாளி, தெரியும்ல?"

"போகட்டும்."

அந்தியில் லபீபா மாவுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். விளக்கு போனது. ஹாலிலிருந்து ஒரு கத்தல்: "கையில ஏஸ் ஜோடி! யாரு அணைச்சது?"

அவர் எழுந்துகொள்ளவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இருட்டில் போனை நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தார். லபீபா மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு வந்து, இடுப்பில் கை வைத்து, ஒரு முழுப் பாட்டுப் பாடினாள். எனக்குச் சொன்னது எங்கே போச்சு, கடிகாரம் எங்கே போச்சு, வெட்கம் எங்கே போச்சு. அவர் இன்னும் போனைத் தட்டிக்கொண்டே இருந்தார். கண் சிவந்திருந்தது. ரோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் அப்படியே. ஆடினார், தோற்றார், ஆடினார். அவளும் திட்டினாள். நடுப்பகலில் நய்லா கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"அக்கா, மெசேஜ் மேல மெசேஜ் வருது. டிக்கெட்டை மாத்திட்டேன். ஞாயித்துக்கிழமை வந்துடறேன். கன்னியாஸ்திரீங்ககிட்டயும் பேசிட்டேன்."

"கொஞ்சம் பொறு பொண்ணே."

"இன்னும் என்ன பொறுக்கறது? ரெண்டு டாலர்னு சிரிச்சீங்களே!"

லபீபா தன்னையறியாமல் தயார் செய்து வைத்திருந்த பதிலை யாரோ பிடுங்கிப் போட்டதுபோல இருந்தது. அன்று அவள் அவரோடு பேசவில்லை. சோற்றை வைத்தாள், எடுத்தாள். பாதித் தட்டு அப்படியே இருந்தது. அதையும் ரோஷம் என்றே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த காலையில் ஜன்னலைத் திறந்தபோதுதான் கார்டீனியாச் செடி கண்ணில் பட்டது. ஒதெத் வைத்த செடி, அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிற்கும் தொட்டி. இலையெல்லாம் மஞ்சள். தண்ணீரில்லாமல் வாடிவிட்டதோ என்று மண்ணில் விரலை விட்டாள். சேறு. விரலை முகர்ந்தாள். அழுகிய வேரின் வாடை. லபீபா அதற்கு வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் ஊற்றுவாள். தொட்டியோ தினமும் குடித்திருந்தது.

அவள் திரும்பி மேஜையைப் பார்த்தாள். சற்றுமுன் வைத்த டம்ளர் காலியாக இருந்தது.

"முதலாளி, நீங்க நோன்பு இருக்கீங்களா?"

நண்பகல் மணி அடிக்கும்வரை சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. அது வீட்டு வழக்கம், ஒதெத் சாகும் வருஷம்வரை விட்டதில்லை. நோயாளிகளுக்குக் கிடையாது என்று பாதிரியாரே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். இஸ்கந்தர் தலையாட்டியிருந்தார்.

அவர் அவளை ஏதோ தூரத்து ஆளைப்போலப் பார்த்தார். "ஒதெத் எங்க? கடையைத் திறக்கச் சொல்லு, நேரமாச்சு."

லபீபா அதற்குமேல் ஒரு நொடி நிற்கவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. காய்ச்சல்மானியை அக்குளில் வைத்தாள். காய்ச்சல் அதிகமில்லை, வயதானவர்களுக்கு அதிகம் வராது. குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள். சிறுநீர் தேநீர் நிறத்தில் இருந்தது, வாடையே போதும். ஒரு மாணவிக்குப் பாடம் எடுத்தால் முதல் பக்கத்தில் சொல்லுகிற விஷயம்: வயதானவர் திடீரென்று வேறு ஆளாகிவிட்டால், மனத்தைச் சந்தேகிக்கும் முன் சிறுநீரைப் பார். இரண்டு நாள் அவள் திரையைப் பார்த்தாள், டம்ளரைப் பார்க்கவில்லை. ஒரு சீட்டாட்டக்காரியாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அழுவதற்கெல்லாம் நேரமில்லை. டாக்டருக்குப் போன் போட்டாள், மாதிரியைப் புட்டியில் எடுத்து மூடினாள், அதோடு எதிர்வீட்டுக்காரரை லேபுக்கு ஓடவிட்டாள். டாக்டர் வந்து பார்த்து, சிறுநீரில் தொற்று, உடம்பில் தண்ணீர் இல்லை என்றார். ஊசியும் டிரிப்ஸும் வீட்டிலேயே ஏறின. லபீபா இரவெல்லாம் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டாம் நாள் மாலை இஸ்கந்தர் கண்ணைத் திறந்து, "இந்தச் சூப்புக்கு எலுமிச்சை போட்டியா இல்லையா?" என்று கேட்டார். போடவில்லைதான்.

"ஆளு திரும்பிட்டாரு" என்றாள் லபீபா, யாரிடமும் இல்லாமல்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் அவர் முன்னால் உட்கார்ந்தாள். "இந்த மேஜையில மிரட்டக்கூடாதுன்னு சொன்னீங்க. எனக்கே காலி டம்ளரைக் காட்டி ஏமாத்தினீங்களே?"

"நீ ஈடு கொடுக்கலையே. நம்பிட்டுப் போயிட்ட." அவர் மெதுவாகச் சிரித்தார், பிறகு நிறுத்தினார். "ஒதெத் போனப்புறம் எதையும் நான் முழுசா செஞ்சதில்ல. நடக்கறது பாதி, பேசறது பாதி. நோன்பாவது முழுசா இருக்கட்டும்னு பாத்தேன்."

"முழுசா இருந்து மலைக்குப் போகப்பாத்தீங்க."

"நய்லாவுக்குச் சொல்லிட்டியா?"

"எல்லாத்தையும் சொல்லுவேன். என்னோடதையும் சேத்து."

நய்லா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான்கு மாடியும் பெட்டியோடு ஏறி வந்தாள், லிஃப்ட் ஓடவில்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், மெலிந்துவிட்டாய் என்று திட்டினாள், பெட்டியிலிருந்து மேப்பிள் பாகை எடுத்து வைத்தாள். பிறகு அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள். லபீபா ஈஸ்டர் பலகாரத்துக்கு ரவையை ஊறவைத்து, பேரீச்சம்பழத்தை அரைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கக்கா. நேரா சொல்லுங்க."

லபீபா சொன்னாள். டம்ளர், செடி, நோன்பு, தொற்று, எல்லாம். "முதல் நாளே ஏழு ரெண்டை ஏத்தினாரு. அப்பவே நான் காய்ச்சல் பாத்திருக்கணும். கரண்ட் மாறற நேரத்தை மறந்தாரு. அப்பவாவது பாத்திருக்கணும். பாக்கல. ரெண்டு நாள் லேட்டு. அது என் தப்பு, அவரு மூளையோட தப்பு இல்ல. என்னை மாத்தணும்னா மாத்து. ஆனா உன் கேள்விக்குப் பதில் வேற. அவரு தலை சரியா இருக்கு."

"மாத்தறதைப் பத்தி யாருக்கா பேசினா?" நய்லா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்குப் புரியல. ஏழு ரெண்டுன்னா என்ன? அதை வெச்சு எப்படிக் காய்ச்சல் தெரியும்?"

"அங்க போய் உக்காந்து பாரு. எனக்குச் சொல்லத் தெரியாது."

அந்தி நேரம். இஸ்கந்தருக்குப் போனைத் திருப்பிக் கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நய்லா பக்கத்தில் நாற்காலி போட்டு, கைகளை மடியில் கோத்து, சோதனைக்கு வந்த அதிகாரிபோல உட்கார்ந்தாள். லபீபா மாவுப் பாத்திரத்தை ஹாலுக்கே எடுத்து வந்து, உருண்டை பிடித்து மர அச்சில் அமுக்கிக்கொண்டே பார்த்தாள்.

கவிழ்த்தார். கவிழ்த்தார். கவிழ்த்தார்.

"இப்ப என்ன நடக்குது?" நய்லா கேட்டாள்.

"ஒண்ணும் நடக்கல."

கவிழ்த்தார். ஒரு கையில் ஈடு கொடுத்தார், சீட்டு திறந்ததும் அதையும் கவிழ்த்தார். நய்லா கால் மாற்றி உட்கார்ந்தாள். கொட்டாவி விட்டாள். பயணக் களைப்பு வேறு.

"அப்பா, நீ எப்பதான் ஆடுவ?"

"ஆடிட்டுத்தானே இருக்கேன் கண்ணு."

"இதுவா ஆட்டம்? கடையில வாடிக்கையாளர் வராத நாள்ல உக்காந்திருப்பியே, அப்படியே இருக்க."

"கடையில அப்படித்தான் சம்பாதிச்சேன்."

லபீபாவின் அச்சிலிருந்து ஒரு பலகாரம் தட்டில் 'டொக்'கென்று விழுந்தது. நய்லா தன்னையறியாமல் திரையில் குனிந்திருந்தாள்.

"அப்பா, ரெண்டு ராணி! ரெண்டு ராணி வந்திருக்கு! இதுக்காவது ஏத்து!"

இஸ்கந்தர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். கவிழ்த்தார். 'எழுந்துகொள்' பொத்தானைத் தட்டி, போனைத் தலையணைமேல் குப்புற வைத்தார்.

"பைத்தியமா உனக்கு? அவ்வளவு நல்ல சீட்டை—"

விளக்கு போனது. கீழே ஜெனரேட்டர் ஒரு முனகலோடு அடங்கியது. சுவரோரம் வைஃபை பெட்டியின் பச்சைப் புள்ளியும் அணைந்தது. தெரு முழுக்க அபு ரய்மோனைத் திட்டும் குரல்கள் வழக்கம்போல எழுந்தன.

லபீபா மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நய்லாவுக்கு இனித் தான் எதையும் விளக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"அந்த ரெண்டு நாளும் இதைப் பண்ணலையா இவரு?" நய்லாவின் குரல் தணிந்து வந்தது.

"பண்ணல. ஏஸ் ஜோடியோட மாட்டிக்கிட்டுக் கத்தினாரு."

"கத்தினேனா?" இஸ்கந்தர் கேட்டார். "எனக்கு ஞாபகமில்ல."

"எனக்கிருக்கு."

நய்லா நாற்காலியில் நிமிர்ந்தாள். "கன்னியாஸ்திரீங்களுக்கு நாளைக்குப் போன் பண்ணிடறேன். ரூமை வேற யாருக்காவது குடுக்கட்டும். கார்டுல மட்டும் நான் ஒரு வரம்பு போடறேன்பா. வாரத்துக்கு ரெண்டு டாலர்."

"ஒண்ணே போதும்" என்றார் இஸ்கந்தர். "ரெண்டு இருந்தா லபீபா கடன் கேப்பா."

"வாயைப் பாரு மனுஷனுக்கு!"

லபீபா மெழுகுவத்தியை ஏற்றினாள். கார்டீனியாத் தொட்டியைத் தூக்கி பால்கனியில் வைத்துவிட்டு வந்தாள். பிழைத்தால் பிழைக்கட்டும், இனி அது நாற்காலிக்குப் பக்கத்தில் இல்லை. அடுப்படியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து இஸ்கந்தரின் வலது கையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. எதிரில் நின்றாள்.

"என்ன?" என்றார்.

"இதுக்கு நான் ஈடு குடுக்கறேன். குடிங்க, பாக்கறேன்."

அவர் குடித்தார். கடைசிச் சொட்டுவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.